வராத ஜீப்பின் வாடகை

பூமரத்துவளவு,
கல்வராயன்மலை.
22.6.2025

மதிப்பிற்குரிய கவுன்சிலர் அவர்களுக்கு,

பூமரத்துவளவு மகளிர் குழுத் தலைவி ஆயம்மாள் எழுதிக்கொள்வது. கள்ளக்குறிச்சி விடுதியில் உங்களோடு ஒரே பாயில் படுத்து பிளஸ் டூ படித்தவள் என்று சொன்னால்தான் ஞாபகம் வரும் என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன். போனில் பேசலாம் என்று பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டால் உங்கள் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் அதே மீட்டிங். அலுவலகத்துக்குத் தபால் போட்டால் அதையும் அவரே பிரிப்பார். அதனால் இதை மெகருன்னிசா அக்காவின் தையல் கடைக்கு அனுப்புகிறேன். ஜாக்கெட் வாங்க வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

விஷயம் எங்கள் ரோடு. நீங்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது வாங்கித் தருவதாகச் சொன்ன அதே ரோடு. முந்தாநாள் அது சம்பந்தமாக ஒரு அதிகாரி வந்தார். வெள்ளிமலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். தண்ணீர் குடித்ததும் முதல் கேள்வியாக, "ஜீப் எந்த வழியா வருது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். சாலம்மாள், "இங்க கழுதையே வராது சார், ஜீப்பு இன்னாத்துக்கு வருது?" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். இந்த ஊரின் குறைகளைக் கேட்க கவுன்சிலர் இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் ஜீப்பில் வந்திருக்கிறாராம். வாடகை அரசாங்கப் பணத்தில் கொடுத்தாகிவிட்டதாம். "ஜீப் போகிற ஊருக்குப் புது ரோடு எதற்கு என்று மேலே கேட்கிறார்கள் அம்மா, ஃபைல் திரும்பி வந்துவிட்டது" என்றார். அதோடு விட்டாரா, குறைகேட்பு முகாமில் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு என்று இன்னொன்றையும் படித்தார். கைக்குழந்தைகளைச் சேர்த்தாலும் எங்கள் வளவில் இருநூறு பேர் தேறமாட்டோம்.

கவுன்சிலராக நீங்கள் இங்கே வந்தது ஒரே ஒரு தடவை, ஜெயித்த கையோடு. நடந்துதான் வந்தீர்கள். குதிகால் கொப்புளத்துக்கு நான்தான் எண்ணெய் தடவினேன். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை போட்டு, ஆளுக்கொரு கோழி பிடித்து, கோயிலடியில் ஊர்ச்சோறு ஆக்கிப் போட்டோம். ஊருக்கு வந்தவருக்கு ஊரே ஆக்கிப் போடுவது எங்கள் வழக்கம். நாங்கள் போட்ட சோற்றுக்கு நீங்கள் அரசாங்கத்திடம் பில் போட்டிருக்கிறீர்கள்.

இதற்கு என்ன பதில் என்று ஊர் கேட்கிறது. "ஒன் சினேகிதி தான, நீயே கேளு" என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆயம்மாள்

*

கள்ளக்குறிச்சி
29.6.2025

ஆயம்மா,

'அவர்களுக்கு', 'நீங்கள்' எல்லாம் எதற்கு? குத்துவதற்கா?

மெகருன்னிசா அக்கா கடையிலேயே நின்று படித்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இல்லியாம்மா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ நினைக்கிற மாதிரி நான் கோடி கோடியாகச் சுருட்டவில்லை. ஒரு கவுன்சிலருக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? கூட்டத்துக்குப் போனால் டீச்செலவுக்கு மேல் கொஞ்சம். ஆனால் விடிந்தால் வாசலில் பத்திரிகை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. சாவு வீட்டுக்கு மாலை இல்லாமல் போனால், "கவுன்சிலரு வெறுங்கையோட வந்தாங்க" என்று மறுநாள் சின்னசேலம் வரைக்கும் பேச்சு. மொய் வைக்காத கவுன்சிலருக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள், நீயே சொல். அந்தப் பணம் என் வயலில் விளைகிறதா? பயணப்படியில்தான் எல்லோரும் சரிக்கட்டுகிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், எனக்குப் பின்னால் வருகிறவரும் அப்படித்தான் செய்வார்.

உன் ஊர்ப் பெயரை வேண்டுமென்று போடவில்லை. என் வார்டிலேயே அதுதான் கடைசி ஊர். தூரம் ஜாஸ்தி என்றால் வாடகையும் ஜாஸ்தி. பில் தயார் செய்கிறவர் பழைய பில்லைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிவசங்கர் கொண்டுவந்து நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

அந்த ரோட்டுக்காக நான் சென்னைக்கு அலைந்தது உனக்குத் தெரியாது. காண்டிராக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். ஒரு ரூபாய் வேண்டாம், ரோடு ஒழுங்காக இருந்தால் போதும் என்று அனுப்பினேன். அதை எல்லாம் கணக்கில் வைக்க மாட்டாய். ஒரு ஜீப் வாடகையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திருடி ஆக்குகிறாய்.

ஃபைல் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊரைச் சமாதானப்படுத்து.

கலையரசி

*

பூமரத்துவளவு
6.7.2025

கவுன்சிலர் அவர்களுக்கு,

ஆமாம், குத்துவதற்குத்தான்.

தூரம் ஜாஸ்தி என்பதால் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டீர்களாம். தூரம் ஜாஸ்தி என்பதால்தான் நாங்கள் ரோடு கேட்கிறோம். எங்களுக்குக் கஷ்டமாக இருப்பது உங்களுக்கு வரும்படியாக இருக்கிறது. இதை நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள், அது கூட உறைக்கவில்லை.

காண்டிராக்டரிடம் கை நீட்டாதது நல்லது. நம்புகிறேன். ஆனால் ஊரில் போய் நான் அதை எப்படிச் சொல்வது? "பெருசா எடுக்கல, சின்னதாதான் எடுத்தாங்க" என்றா?

சாலம்மாளை உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு வறுத்த கோழி அவள் வீட்டுக் கோழி. போன ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு சேலையைக் கழியில் கட்டித் தூளியாக்கி ஆம்பளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஓடையில் தண்ணீர் வடியும் வரை அந்தக் கரையிலேயே மழையில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள், இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். அந்த மாதமும் நீங்கள் ஜீப்பில் வந்ததாகக் காகிதம் சொல்கிறது. அதிகாரி படித்தபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "அந்த ஜீப்புல என்னையும் ஏத்திக்கினு போயிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். நேற்று குழுக் கடன் கூட்டத்துக்கு வீடு வீடாகக் கூப்பிடப் போனேன். நேற்று வரை நான் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவர்கள். ஒருத்தி கதவுக்குள் நின்றபடியே, "இந்தக் கூட்டத்துக்கு எவ்ளோ பில்லு ஆயம்மா?" என்று கேட்டாள். உங்களுக்காக நான் படி ஏறி ஓட்டுக் கேட்ட வீடு அது. திரும்பி வந்துவிட்டேன். எனக்கு அழுகை கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உங்கள் மேல்.

ஊரைச் சமாதானப்படுத்தச் சொல்கிறீர்கள். முதலில் என்னைச் சமாதானப்படுத்துங்கள்.

ஆயம்மாள்

*

கள்ளக்குறிச்சி
18.7.2025

ஆயம்மா,

சாலம்மாள் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று நீ கேட்பாய். அதை விடு.

ரோட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. கவனமாகப் படி. மரம் வெட்டிய காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கூப்பு ரோடு இருந்தது அல்லவா, லாரி போகிற மண் வழி. அந்த வழியில்தான் ஜீப் வந்துகொண்டிருந்தது, போன டிசம்பர் மழையில் அது அடித்துப் போய்விட்டது, அதனால் இப்போது புது ரோடு வேண்டும் என்று ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் ஊர் ஒரு தீர்மானம் போட வேண்டும். போட்டால் ஃபைல் மறுபடி நகரும். என் மேல் வந்திருக்கிற கேள்வியும் அடங்கிவிடும். மழைக்குப் பிறகும் சில மாதம் பில் போயிருக்கிறது, அதைச் சிவசங்கர் பார்த்துக்கொள்வார்.

இது சிவசங்கர் சொன்ன யோசனைதான், மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார், யாருக்கு நஷ்டம்? உங்களுக்கு ரோடு வரும். அடுத்த வருஷம் தேர்தலில் எனக்குச் சீட்டு நிற்கும். நான் மறுபடி வந்தால் உங்களுக்குத்தான் நல்லது. அந்தக் கூப்பு ரோடு இருபது வருஷத்துக்கு முன்பே முள் மூடிப் போனது என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

நீ சொன்னால் ஊர் கேட்கும். தீர்மான வாசகத்தைத் தட்டச்சு செய்து இதோடு வைத்திருக்கிறேன்.

கலை

*

பூமரத்துவளவு
27.7.2025

கலை,

உன் வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. 'கனமழையால் முற்றிலும் சேதமடைந்த' என்று படிக்கும்போது எனக்கே அந்த வழியில் ஜீப் போன மாதிரி இருந்தது.

உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு ஆசை வந்தது. ரோடு வந்தால் போதும், எந்தப் பொய்யில் வந்தால் என்ன என்று நினைத்தேன். நீயும் தப்பித்துக்கொள்வாய். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போனேன், எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் பெயரைச் சொல்லியே சொன்னேன், ஒளிக்கவில்லை. பாதிப் பேர் போட்டுவிடலாம் என்கிற மாதிரிதான் பார்த்தார்கள்.

சாலம்மாள்தான் கோலைத் தட்டினாள். "வராத ஜீப்ப வந்துச்சின்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு வராத ரோட்டயும் வந்துச்சின்னு அவங்க எழுதிக்கினு பூடுவாங்க. அப்ப இன்னா சொல்லுவ? பொய்யி சொன்னோம்னு சொல்லுவியா?" என்றாள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

அதோடு முடியவில்லை. ரோடே வேண்டாம் என்கிறார்கள் இப்போது. கவுன்சிலர் கொண்டுவருகிற எந்தக் காகிதத்திலும் கை வைக்க மாட்டார்களாம். நம் காட்டு நிலத்தை ரோட்டுக்கு விட ஊர் சம்மதம் வேண்டும், அது இல்லாமல் வனத்துறை நகராது. அந்தச் சம்மதமும் கிடையாதாம். தூளியில் போனவளே ரோடு வேண்டாம் என்கிறாள், கலை. எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. உன்னைத் திட்டிச் சலித்துவிட்டது, இவர்களைத் திட்ட மனசு வரவில்லை.

ஒரு வழிதான் இருக்கிறது. அது உன் கையில் இருக்கிறது. இந்த ஊருக்கு எந்தக் காலத்திலும் ஜீப் வந்ததில்லை, வாடகை பொய், சாப்பாடு பொய் என்று நீ எழுதிக் கொடு. பதினைந்தாம் தேதி நீயே வந்து ஊர் முன்னால் சொல். உன் வீட்டுக்காரர் வேண்டாம். நீ வா.

ஆயம்மாள்

*

கள்ளக்குறிச்சி
8.8.2025

ஆயம்மா,

எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய், எழுதிக் கொடு என்று.

அவரிடம் சொன்னேன். கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பணத்த கட்டுறதோட போவும்னு நெனச்சிக்கினியா? பதவி பூடும், கேசு வரும். மலையில நாலு பேரு மூஞ்ச தூக்கினாங்கன்னு எம் பொழப்ப கெடுக்கறியா?" என்றார். 'எம் பொழப்பு' என்றார், கவனித்தாயா? அப்புறம் கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு டீ போடும் வேலை. ஹாலில் உட்கார்ந்து என்னைப் பற்றி அவர்களே முடிவு செய்தார்கள்.

எத்தனை பேர் எத்தனை ஊருக்கு எத்தனை ஜீப்பில் போயிருக்கிறார்கள், யாரையாவது யாராவது கேட்டார்களா? நான் ஒருத்தி மட்டும் ஏன் மலை ஏறி வந்து தலை குனிய வேண்டும்? நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், அதையும் ஊரில் படித்துக் காட்டாதே. முதல் பில்லில் கையெழுத்துப் போடும்போது ஊர்ப் பெயரைப் படித்தேன். பூமரத்துவளவுக்கு ஜீப்பா என்று சிரிப்பு வந்தது. உன்னிடம் சொன்னால் நீயும் சிரிப்பாய் என்று நினைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து படிக்கவே இல்லை.

வருவேனா என்று தெரியவில்லை. காத்திருக்காதே.

கலை

*

பூமரத்துவளவு
19.8.2025

கலை,

பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தாய் என்று மெகருன்னிசா அக்கா மூலம் தெரிந்தது. அக்கா சொல்லாவிட்டால் உன் சேதி எனக்கு ஏது.

நீ வந்து நின்றபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கூட யாரும் இல்லாமல், துண்டு சால்வை இல்லாமல், சேலையை முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வந்தாய். நீ பேசியதை நான் எழுத வேண்டாம். எங்கும் நிறுத்தாமல் சொன்னாய். ஜீப் வரவில்லை, சாப்பாடு நீங்கள் போட்டது, பில் நான் போட்டது, பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாய். உன்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஊர் மன்னித்துவிடும், அழும், கட்டிப்பிடிக்கும் என்று நீ நினைத்திருப்பாய் போல. முகத்தில் தெரிந்தது. அவர்கள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. காட்டு நிலத்தை விடச் சம்மதத் தீர்மானத்தை எழுதினார்கள். திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே மிச்சம் இருந்த வெற்றிடத்தில் ஒரு வரி கூட யாரும் சேர்க்க முடியாதபடி குறுக்கே கோடு போட்டு அடைத்தார்கள். கைநாட்டு வைத்தவர்களும் பேனாவை வாங்கி அவரவர் பெயருக்குப் பக்கத்தில் கோடு இழுத்தார்கள். இந்த ஊரில் இதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை.

நானும் கோடு போட்டேன். நீ பார்த்தாய். எதுவும் கேட்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாய். மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டாய், அப்போதாவது கேட்பாய் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அது உன்னை நம்பாமல் போட்ட கோடுதான். மழுப்ப எனக்குத் தெரியாது.

கால் வலி எப்படி இருக்கிறது?

ஆயம்மாள்

*

சின்னசேலம்
14.9.2025

ஆயம்மா,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். அம்மா வீட்டில் இருக்கிறேன். இனி இங்கேயே எழுது, யாரும் பிரிக்க மாட்டார்கள்.

நல்ல செய்தி முதலில். உங்கள் ஃபைல் நகர்ந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்ததையும் ஊர்த் தீர்மானத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வனத்துறையும் ரோடு ஆட்களும் சேர்ந்து அளக்க வருவார்கள். மழைக்கு முன்னால் வரச் சொல்லி நானே போய்க் கேட்டேன். கவுன்சிலர் என்று சொல்லிக் கேட்கவில்லை, ஊர்க்காரி என்று சொல்லிக் கேட்டேன்.

பணத்தைக் கட்டிவிட்டேன், நகை அடகு. விசாரணை நடக்கிறது. கட்சி என்னை ஒதுக்கிவிட்டது. அடுத்த வருஷம் சீட்டு சிவசங்கரின் தம்பி மனைவிக்காம், அவரே பேசி முடித்துவிட்டார். கையெழுத்துப் போட இன்னொரு ஆள் கிடைத்துவிட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதே. தேர்தல் வந்தால் சுயேச்சையாக நிற்கலாமா என்று யோசிக்கிறேன். கொடியும் இல்லை, அவரும் இல்லை. இந்தத் தடவை எனக்காக நிற்பேன். உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவள் என்று ஜனம் பார்க்காதா? கீழே எனக்கு யாரும் இல்லை, மலையில் நீ இருக்கிறாய். போன தடவை மாதிரி நீ வீடு வீடாகப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு.

செய்வாயா?

கலை

*

பூமரத்துவளவு
21.9.2025

கலை,

அளக்க வருகிற செய்தியைக் கோயிலடியில் சொன்னேன். "வரட்டும், பாக்கலாம்" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். நீ அலைந்ததையும் சொன்னேன், சாலம்மாள் கேட்டுக்கொண்டாள்.

நீ கேட்டதை இரண்டு நாளாக யோசித்தேன். நில், தாராளமாக நில். உன் சின்னம் எதுவாக இருந்தாலும் தேடிப் பிடித்து என் ஓட்டை அதில் போடுவேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் இன்னொருத்தி வீட்டுப் படியில் ஏறி, கலைக்குப் போடு என்று என் வாயால் சொல்ல மாட்டேன். என் ஓட்டு என்னுடையது, உனக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஊர் என் மேல் வைத்திருந்த நம்பிக்கை என்னுடையது இல்லை, அதை எடுத்து உனக்குக் கொடுத்து ஒரு தடவை தோற்றுவிட்டேன். நீயே நடந்து வந்து, நீயே கதவைத் தட்டிக் கேள். நான் என் வீட்டுக்குள் இருப்பேன். என் கதவையும் தட்டு.

ஆயம்மாள்